ஒரே காம்பவுண்டு, ரெண்டு கேட்டு

மக்களே, எழுதி ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம். சாயங்காலம் அரக்கோணம் லோக்கல்ல நின்னுக்கிட்டே ஊர் வந்து சேர்ந்தா, அப்புறம் எழுத எங்க தெம்பு இருக்கு? ஆனா ஜூன் மாசம் மட்டும் என்னைச் சும்மா இருக்க விடறதில்லை. பள்ளிக்கூடம் திறக்கற மாசம். வழக்கமா இந்த மாசத்துல நாம எல்லாரும் கொசுவத்தி சுத்துவோம். புதுப் புத்தக வாசனை, பழுப்புத் தாள் அட்டை, சிலேட்டுக் குச்சின்னு ஆரம்பிச்சு, நம்ம டீச்சர் மாதிரி வருமான்னு முடிப்போம். இந்தத் தடவை கொசுவத்தி இல்லை. சண்டை. அதுவும் எனக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவங்களோட சண்டை.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு வரி அறிமுகம். நம்ம ஊர் திருவாலங்காடு. சென்னையிலிருந்து வந்தா மணவூருக்கு அடுத்த ஸ்டேஷன். நடராஜரோட அஞ்சு சபையில ரத்தின சபை இங்கதான். காரைக்கால் அம்மையார் தலையால நடந்து வந்த மண்ணுன்னு, சம்பந்தர் இதுல கால் வைக்கவே தயங்கினதா சொல்லுவாங்க. ராஜேந்திர சோழனோட திருவாலங்காட்டுச் செப்பேடு பத்திப் படிச்சிருப்பீங்க. திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் பேர்தான் திருத்தணி, ஆலை இருக்கறது எங்க ஊர்ல. நான் கத்தோலிக்கன் இல்லை. வடாரண்யேஸ்வரர் கோயில் தேர் பின்னாடி ஓடி வளர்ந்தவன். ஆனா படிச்சது ஆர்.சி. தொடக்கப்பள்ளி. எங்க மாவட்டத்துல என் வயசுக்காரங்க நிறைய பேருக்கு இதே கதைதான் இருக்கும். காலைல விபூதி வச்சுக்கிட்டு போய், அங்க "விண்ணுலகில் இருக்கிற" சொல்லிட்டு, மத்தியானம் சத்துணவு சாப்பிட்டுட்டு வருவோம். யாரும் எங்க விபூதியை அழிச்சதில்லை.

நிற்க. இப்ப விஷயத்துக்கு வரேன்.

என் பெரிய பையனை எல்.கே.ஜி. சேர்க்கறப்போ நானும் எல்லாரையும் போல மஞ்சள் வேன் தேடி ஓடினவன்தான். கன்னியாஸ்திரீகள் நடத்தற இங்கிலீஷ் மீடியம் பள்ளி. எந்த ஊர், எந்தப் பள்ளின்னு சொல்லப்போறதில்லை, பின்னூட்டத்துல கேக்காதீங்க. நான் சொல்றது ஒரு பள்ளியோட குத்தம் இல்லை, அதனால பேர் தேவையில்லை. அந்தக் காம்பவுண்டுக்குள்ள நடுவுல கோயில். ஒரு பக்கம் மூணு மாடி இங்கிலீஷ் மீடியம். இன்னொரு பக்கம் ஓடு போட்ட பழைய ஆர்.சி. தொடக்கப்பள்ளி, அரசு உதவி பெறுவது, தமிழ் மீடியம், காசு கிடையாது. முன்னாடிப் பக்கத்துக்கு ஒரு பெரிய கேட்டு, பின்னாடி காலனிப் பக்கம் ஒரு சின்ன கேட்டு. எந்தக் கேட்டு எந்தப் பள்ளிக்குன்னு நான் சொல்லணுமா?

பையன் ஒண்ணாங்கிளாஸ் போன வருஷம், திறப்பு நாளைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாங்க. பள்ளி ஆண்டுத் தொடக்கத் திருப்பலி. பெரிய கேட்டுல பலூன் தோரணம், பேண்டு வாத்தியம், ஒவ்வொரு புது பிள்ளைக்கும் ஒரு ரோஜாப்பூ. கோயிலுக்குள்ள பெஞ்சுல இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள். எல்லாரும் உக்காந்த பிறகு பக்கவாட்டுக் கதவு வழியா தமிழ் மீடியம் பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்து, பின்னாடி தரையில உக்கார வச்சாங்க. சாமியார் பிரசங்கத்துல "நாம் அனைவரும் ஒரே குடும்பம்"னு சொன்னார். நல்லாத்தான் சொன்னார். வெளில வந்ததும் ஒரு பக்கம் கேக், ஒரு பக்கம் ஆரஞ்சு மிட்டாய்.

பையன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு கேட்டான்: "அப்பா, அந்தப் பசங்க நம்ம ஸ்கூல் இல்லையா?"

"இல்லடா, அது வேற ஸ்கூல்."

"அப்போ ஏன் நம்ம சர்ச்சுக்கு வந்தாங்க?"

ஆறு வயசுப் பையன். முத நாள். அவன் அன்னிக்கு ஏ, பி, சி கத்துக்கறதுக்கு முன்னாடி இதைக் கத்துக்கிட்டான். அதுக்கு நான் ஃபீஸ் கட்டியிருக்கேன். வாயை மூடிக்கிட்டு நாலு வருஷம் கட்டினேன். அதனால இந்தப் பதிவுல முத அடி எனக்கேன்னு வச்சுக்குங்க.

இப்போ என் வாதம். ஒரே வரியில சொல்லிடறேன், அப்புறம் கும்முங்க: இந்த ஊர்ல கத்தோலிக்கப் பள்ளின்னா அது அந்த ஓட்டுக் கட்டடம்தான். காசு வாங்கற மூணு மாடி, பேரை மட்டும் கடன் வாங்கியிருக்கு. புது வருஷத்தை எந்தக் கேட்டுல கொண்டாடறீங்கங்கறதுல உங்க மதிப்பீடு வெளிய தெரியுது.

கொஞ்சம் விவரமா பார்க்கலாம். அரசு உதவி பெறும் பள்ளின்னா என்னன்னு நம்மள்ல பலருக்கே சரியாத் தெரியாது. "தனியார் பள்ளி"ன்னு நினைச்சுக்கறாங்க. இடமும் கட்டடமும் நிர்வாகத்தோடது. டீச்சர் சம்பளம் அரசாங்கத்தோடது. 1854-ல வந்த உட்ஸ் கல்வி அறிக்கையிலிருந்து ஆரம்பிச்ச மானிய முறை இது. பிள்ளைகிட்ட காசு வாங்கக் கூடாது. பாடப்புத்தகம், சத்துணவு எல்லாம் அரசுப் பள்ளி மாதிரியேதான்.

இதுல ஒரு முக்கியமான சமாச்சாரம். தமிழ்நாட்டுல தனியார் பள்ளி ஒழுங்குமுறைச் சட்டத்துல 14-ஏ பிரிவுன்னு ஒண்ணு சேர்த்தாங்க. அதன்படி 1991-92 கல்வியாண்டிலிருந்து தொடங்கின பள்ளிக்கோ, புதுசா தொடங்கின வகுப்புக்கோ மானியம் கிடையாது. இதுக்கு என்ன அர்த்தம்? இப்ப இருக்கற ஆர்.சி. தொடக்கப்பள்ளி ஒண்ணை மூடினா, அந்த மாதிரி இன்னொண்ணு திரும்ப வரவே வராது. ஏழைப் பிள்ளைக்குக் காசில்லாம பாடம் சொல்லித்தர, அரசாங்கம் சம்பளம் தர, கத்தோலிக்கச் சபை நடத்தற ஒரு இடம், அதோட முடிஞ்சது. ஓட்டுக் கட்டடத்தை இடிச்சுட்டு பார்க்கிங் போட்டா அது பார்க்கிங்தான், கடைசி வரைக்கும்.

எப்படி மூடுவாங்கன்னு கேக்கறீங்களா? யாரும் பூட்டு போட மாட்டாங்க. தானா மூடிக்கும். கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணைப்படி தொடக்கப்பள்ளியில 60 பிள்ளைகள் வரைக்கும் ரெண்டு டீச்சர். 61-லிருந்து 90 வரைக்கும் மூணு. 91-லிருந்து 120 வரைக்கும் நாலு. வருஷா வருஷம் ஆகஸ்ட் 1-ஆம் தேதி எத்தனை பிள்ளைகள் இருக்காங்கன்னு பார்த்துத்தான் பணியிடம் நிர்ணயம் பண்றாங்க. ஒரு பிள்ளை குறைஞ்சா ஒரு டீச்சர் உபரி. அவங்களை வேற எங்கயோ அனுப்பிடுவாங்க. அஞ்சு வகுப்புக்கு ரெண்டு டீச்சர்னா பெத்தவங்க என்ன பண்ணுவாங்க? "டீச்சரே இல்ல"ன்னு டி.சி. வாங்கிட்டுப் போவாங்க. அடுத்த ஆகஸ்ட்ல இன்னும் குறையும். அவ்வளவுதான் கதை.

அந்தப் பிள்ளைகள் யாரை நம்பி வர்றாங்கன்னு தெரிஞ்சுக்க தூரமா போக வேண்டாம். எங்க திருவள்ளூர் மாவட்டத்துலயே கீழச்சேரின்னு ஒரு ஊர் இருக்கு. 2024 ஜூலை 15, காமராஜர் பிறந்த நாள். கிராமப்புற அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளுக்குக் காலை உணவுத் திட்டத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வச்சது அந்த ஊர்ப் புனித அன்னாள் தொடக்கப்பள்ளியிலதான். அன்னிக்கு அறிவிச்ச கணக்குப்படி 3,995 பள்ளிகள், 2,23,536 பிள்ளைகள். 2025 ஆகஸ்ட் 26-ல நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிவாக்கினப்போ அதுக்கும் தேர்ந்தெடுத்தது மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளி. ரெண்டு தடவையும் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளி. தற்செயலா இருக்கலாம். ஆனா காலைல வயித்துல ஒண்ணுமில்லாம வர்ற பிள்ளைகள் எந்தக் கேட்டு வழியா வர்றாங்கன்னு அரசாங்கத்துக்குத் தெரிஞ்சிருக்கு.

அதுக்காக அரசாங்கத்துக்குச் சாமரம் வீசறேன்னு நினைக்காதீங்க. அவங்களுக்கும் ஒரு கேள்வி இருக்கு. காலை உணவு மதுரையில ஆரம்பிச்சது 2022 செப்டம்பர் 15. எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிக்கும் வந்தது 2023 ஆகஸ்ட் 25. கிராமத்து உதவி பெறும் பள்ளிக்கு 2024, நகரத்துக்கு 2025. ஒரே தெருவுல, ஒரே வீட்டுல, அரசுப் பள்ளிக்குப் போற அண்ணனுக்குப் பொங்கல், ஆர்.சி. பள்ளிக்குப் போற தங்கச்சிக்கு ஒண்ணுமில்லைன்னு மூணு வருஷம் வரைக்கும் பிள்ளைகளைப் பிரிச்சு வச்சிருந்தது யாரு? போர்டுல "அரசு உதவி பெறும்"னு எழுதியிருக்கறதைப் படிக்க அவ்வளவு நாளா? பசிக்கு நிர்வாகம் எதுன்னு தெரியாது சாமி.

சரி, அரசாங்கம் தாமதமாவாவது வந்துச்சு. சொந்தக்காரங்க எங்க போனாங்க? இதுதான் என் சண்டை. ஊர்ல இருக்கற கத்தோலிக்கக் குடும்பங்கள்ல கொஞ்சம் வசதி வந்தவங்க ஒருத்தர் கூட பிள்ளையை அந்த ஓட்டுக் கட்டடத்துக்கு அனுப்பறதில்லை. ஞாயித்துக்கிழமை பூசை, திருவிழாவுக்குத் தேர், எல்லாம் உண்டு. ஜூன் மாசம் மட்டும் பெரிய கேட்டு. உபதேசியார் வீட்டுப் பிள்ளையும் வேன்ல, டீச்சர் வீட்டுப் பிள்ளையும் வேன்ல. மிச்சம் இருக்கறது காலனிப் பிள்ளைகள், செங்கல் சூளைக்கு வந்தவங்க பிள்ளைகள், கரும்பு வெட்ட வந்தவங்க பிள்ளைகள். ஜாதியைச் சொல்லாமலே ஜாதி பிரிஞ்சிடுச்சு.

இது கொஞ்சம் ஓவரா இருக்குன்னு நினைக்கறவங்களுக்கு ஒரு பழைய கதை. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம்னு ஒரு ஊர். 1872-ல அங்க கட்டின கோயிலுக்கு ரெண்டு கை மாதிரி ரெண்டு பிரிவு. ஒரு ஜாதிக்கு ஒரு பக்கம், மத்தவங்களுக்கு இன்னொரு பக்கம், நடுவுல சுவர். பீடம் மட்டும் ஒண்ணு. அந்தச் சுவரை இடிக்க இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. இடிச்சதுக்கப்புறமும் கோர்ட்டு வரைக்கும் போனாங்க. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016 டிசம்பர்ல தலித் மக்களுக்கான கொள்கை ஆவணம் வெளியிட்டு, சபைக்குள்ள சாதிப் பாகுபாடு இருக்குன்னு ஒத்துக்கிச்சு. நல்லது. எழுதி வச்சாச்சு. ஆனா நான் கேக்கறது ஒண்ணுதான். அன்னிக்குச் செங்கல்ல கட்டினாங்க, இன்னிக்கு ஃபீஸ்ல கட்டறாங்க. செங்கல் சுவரையாவது கடப்பாரையால இடிக்கலாம்.

இப்போ எதிர்வாதங்கள். எனக்குத் தெரிஞ்ச சிஸ்டர், சாமியார்கள்கிட்ட கேட்டது, நண்பர்கள் சொன்னது எல்லாத்தையும் சேர்த்துச் சொல்றேன். ஒண்ணொண்ணா பார்ப்போம்.

"பெத்தவங்களே இங்கிலீஷ்தான் கேக்கறாங்க, நாங்க என்ன பண்றது?" கேக்கறாங்க, உண்மை. நானே கேட்டேன். ஆனா இங்கிலீஷ் வேணும்னா இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கணும். இங்கிலீஷ்ல கணக்குச் சொல்லிக்கொடுக்கணும்னு யார் சொன்னது? என் பையன் நாலாங்கிளாஸ் வரைக்கும் "ஃபோட்டோசிந்தசிஸ்"னு அழகா சொன்னான். இலைக்கு எதுக்கு வெயில்னு கேட்டா முழிச்சான். மூணு மாடியில நல்லா இங்கிலீஷ் பேசற டீச்சர் இருபது பேர் இருக்காங்கல்ல? அதுல ரெண்டு பேர் வாரத்துக்கு மூணு மணி நேரம் ஓட்டுக் கட்டடத்துக்கு நடந்து வரட்டும். அம்பது அடி தூரம். அதுக்கு வேன் வேண்டாம்.

"அந்த ஃபீஸை வச்சுத்தான் தமிழ் பள்ளியை ஓட்டறோம்." இதைச் சொல்லும்போது குரல்ல ஒரு தியாகம் தெரியும். டீச்சர் சம்பளம் அரசாங்கம் கொடுக்குது. மிச்சம் இருக்கறது கட்டடப் பராமரிப்பு, கக்கூஸ், தண்ணி, பெயின்ட். சரிங்க, ஃபீஸ்லேர்ந்து எவ்வளவு அந்தப் பக்கம் போச்சுன்னு வருஷ ஆரம்பத்துல நோட்டீஸ் போர்டுல ஒரு தாள் ஒட்டுங்க. ஒழுகற ஓட்டைப் பார்த்தா நம்பிக்கை வர மாட்டேங்குது. கணக்கு ஒட்டுங்க, நான் மன்னிப்புக் கேட்டுத் தனிப் பதிவே போடறேன்.

"சிறுபான்மை உரிமையில கை வைக்கறீங்க." இல்லவே இல்லை. அரசியல் சாசனத்தோட 30-ஆவது பிரிவு சிறுபான்மையினர் தங்களுக்குப் பிடிச்ச கல்வி நிறுவனத்தைத் தொடங்கி நடத்தற உரிமையைக் கொடுக்குது. அந்த உரிமை வேணும். அதைப் பறிக்க நினைக்கறவங்களோட நானும் சண்டைக்கு வருவேன். ஆனா அந்த உரிமையை எதுக்குப் பயன்படுத்தறோம்? கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ல நடைமுறைக்கு வந்துச்சு. தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்புல 25 சதவீதம் இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கணும்னு அதுல இருக்கு. 2012-ல உச்ச நீதிமன்றம் மானியம் வாங்காத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்குக் கொடுத்துச்சு. 2014 மே 6-ல பிரமதி வழக்குல எல்லா சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் இந்தச் சட்டமே பொருந்தாதுன்னு சொல்லிடுச்சு. 2025 செப்டம்பர் 1-ல ரெண்டு நீதிபதிகள் அமர்வு, அந்தத் தீர்ப்பு சரிதானான்னு சந்தேகம் எழுப்பி, பெரிய அமர்வுக்குப் போகணும்னு தலைமை நீதிபதிக்கு அனுப்பியிருக்கு.

சட்டம் எப்படி வேணா போகட்டும். நான் கேக்கறது: 25 சதவீதம் கொடுக்கணும்னு சட்டம் கட்டாயப்படுத்தல, சரி. கொடுக்கக் கூடாதுன்னு யாராவது தடுத்தாங்களா? சேட்டு கம்பெனி நடத்தற பள்ளி கூட சட்டத்துக்குப் பயந்து எங்க தெருப் பையன் ஒருத்தனைச் சேர்த்துக்கிச்சு. அன்பைப் பத்தி தினமும் பிரார்த்தனை சொல்ற பள்ளிக்குச் சட்டத்துலேர்ந்து தப்பிச்சதுல என்னங்க சந்தோஷம்? ரெண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-ல கிறிஸ்தவக் கல்வி பத்தி ஒரு அறிக்கை வெளியிட்டுச்சு. ஏழைகள், குடும்பத்தோட அன்பும் ஆதரவும் இல்லாதவங்க, வேற நம்பிக்கைக்காரங்க, இவங்களைக் கவனிங்கன்னு அதுல பள்ளிகளுக்குச் சொல்லியிருக்கு. சட்டத்துல விலக்கு வாங்கலாம். இதுக்கு எந்தக் கோர்ட்டுல விலக்கு வாங்குவீங்க?

அப்புறம் இன்னொரு கோஷ்டி இருக்கு. "மிஷன் ஸ்கூல்னாலே மதம் மாத்தறதுதான், மூடினா நல்லது"ன்னு இந்தப் பதிவைக் கட் பண்ணி ஒட்டக் காத்திருப்பாங்க. அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. உங்களுக்கு இங்க தீனி இல்லை. பக்கத்துல திருத்தணியில பிறந்தவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். வேலூர் ஊரிஸ் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, ரெண்டுமே மிஷன் கல்லூரிகள், ரெண்டுலயும் படிச்சவர். படிச்சுட்டு வெளிய வந்து இந்து தத்துவத்தைத்தான் உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். அவர் பிறந்த நாளைத்தான் ஆசிரியர் தினமா கொண்டாடறோம். அதோட, 1891-ல செங்கல்பட்டு கலெக்டரா இருந்த ட்ரெமன்ஹீர் இந்தப் பக்கத்துச் சேரி மக்கள் நிலைமையை எழுதி அனுப்பின அறிக்கையைத் தேடிப் பாருங்க. பஞ்சமி நிலம் வந்ததே அதனாலதான். அந்தக் காலத்துல ஊர்ப் பள்ளிக்கூடத் திண்ணையில ஏற முடியாத பிள்ளைகளுக்குச் சிலேட்டு கொடுத்தது பல இடங்கள்ல மிஷன்காரங்கதான். அதை மறுக்கறவன் நன்றி கெட்டவன். அந்த நன்றி இருக்கறதாலதான் நான் சண்டை போடறேன். சம்பந்தமில்லாதவங்களோட யாரு சண்டை போடுவா?

எங்க ஊர் அம்மையைப் பத்தி ஆரம்பத்துல சொன்னேன்ல. காரைக்கால்ல பெரிய வணிகர் வீட்டுப் பொண்ணு. அழகு, சொத்து எல்லாத்தையும் உதறிட்டு, பேய் உருவம் கேட்டு வாங்கிக்கிட்டு, வந்து உக்காந்தது எங்க? ஆலங்காட்டுச் சுடுகாட்டுல. எல்லாரும் ஒதுக்கின இடத்துல. ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்துக்கிட்டு வீட்டை விட்டு வந்த சிஸ்டர்களுக்கு இந்தக் கதை என்னை விட நல்லா புரியும். எனக்கு அ, ஆ கத்துக்கொடுத்த சிஸ்டர் மழைக்காலத்துல வயல் வரப்புல நடந்து வந்து, ஆப்சென்ட் ஆன பிள்ளையை வீட்டுலேர்ந்து இழுத்துட்டுப் போவாங்க. அவங்க கிட்ட வேன் இல்லை. குடை இருந்துச்சு.

சரி, குறை மட்டும் சொன்னா எப்படி. என்ன பண்ணலாம்னு நான் நினைக்கறேன்:

1. திறப்பு நாளன்னிக்கு ஒரே கேட்டு. ரெண்டு பள்ளிப் பிள்ளைகளும் பெரிய கேட்டு வழியா வரட்டும். காலைப் பிரார்த்தனைக் கூட்டம் ஒண்ணா நடக்கட்டும். பைசா செலவு கிடையாது.

2. கோயிலுக்குள்ள வகுப்பு வாரியா உக்காருங்க, பள்ளி வாரியா வேண்டாம். ஒண்ணாங்கிளாஸ் எல்லாம் ஒரே பெஞ்சு.

3. விளையாட்டு மைதானமும் லைப்ரரியும் ரெண்டு பள்ளிக்கும் பொது.

4. மூணு மாடியில எல்.கே.ஜி.யில நாலுல ஒரு இடம் ஓட்டுக் கட்டடப் பிள்ளைகளோட தம்பி தங்கச்சிக்கு, ஃபீஸ் இல்லாம. சட்டத்துக்காக இல்லை, மனசுக்காக.

5. கணக்கு நோட்டீஸ் போர்டுல.

6. நம்மள மாதிரி பழைய மாணவர்கள், வருஷத்துக்கு ஒரு தடவை போட்டோ எடுத்துப் போடறதை நிறுத்திட்டு, ஜூன் மாசம் ஒரு நாள் லீவு போட்டு டீச்சரோட தெருத் தெருவா பிள்ளை பிடிக்கப் போகணும்.

ஆறாவதை எழுதறதுக்கு எனக்குத் தகுதி வேணும்ல? அதனால இந்த ஜூன்ல போனேன். நான் படிச்ச பள்ளிக்கு. ஹெச்.எம். டீச்சர் ரெண்டாயிரத்து சொச்சத்துல ஜூனியர் டீச்சரா வந்தவங்க, அடுத்த வருஷம் ரிட்டயர்டு. என்னைப் பார்த்ததும் ஏதோ சர்ட்டிஃபிகேட் வாங்க வந்திருக்கேன்னு நினைச்சு சேரை எடுத்துப் போட்டாங்க.

"உக்காருங்க தம்பி. டி.சி. நகல் எதுவும் வேணுமா?"

"இல்லீங்க டீச்சர். எத்தனை பிள்ளைங்க இருக்காங்க இப்போ?"

"அம்பத்தெட்டு. ஆகஸ்ட் ஒண்ணாம் தேதிக்குள்ள அறுபத்தொண்ணு ஆகணும் தம்பி. இல்லைன்னா ஒரு டீச்சரை எடுத்துடுவாங்க. மூணே மூணு பேருக்காக நானும் சூளை, காலனின்னு அலையறேன். நேத்து ஒரு அம்மா சேர்க்கறேன்னு சொல்லிட்டு, காலைல பார்த்தா அந்தப் பொண்ணு வேன்ல போகுது."

நான் ஒண்ணும் சொல்லலை. வீட்டுக்கு வந்து என் வீட்டம்மாகிட்ட சொன்னேன். சின்னவளுக்கு இந்த வருஷம் ஒண்ணாங்கிளாஸ். வேன் ஸ்கூல்ல அட்வான்ஸ் ஆயிரம் ரூபா கட்டியாச்சு.

"ஏங்க, பெரியவனை அங்க படிக்க வச்சுட்டு, இவளை மட்டும் இங்க விட்டா ஊர் என்ன சொல்லும்? பொம்பளப் புள்ளைன்னு செலவு பண்ணலைன்னு சொல்லாது?"

நியாயமான கேள்வி. மாமியார் ரெண்டு நாள் என்கூடப் பேசலை. பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆச்சு. கடைசியில பெரியவனையும் கூப்பிட்டு வச்சுப் பேசினோம். அவன்தான் சொன்னான், "அவளை அங்க சேருங்கப்பா. இங்கிலீஷ் நான் சொல்லித் தரேன்"னு. அவன் இங்கிலீஷைப் பத்தி எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு, அது வேற விஷயம் :-)

போன திங்கக்கிழமை சேர்த்தாச்சு. டீச்சர் வருகைப் பதிவேட்டுல பேரை எழுதிட்டு நிமிர்ந்து பார்த்து, "அம்பத்தொம்பது"ன்னாங்க. ஆயிரம் ரூபா அட்வான்ஸ் திரும்ப வராதுன்னு வேன் ஸ்கூல்ல சொல்லிட்டாங்க.

இன்னும் ரெண்டு பிள்ளை வேணும். திருவாலங்காடு, மணவூர் பக்கத்துல யாராவது இருந்தா சொல்லுங்க, வீட்டுக்கே வரேன். குடையோட.

டிஸ்கி 1: இதுல உள்குத்து எதுவும் இல்லை. எல்லாம் வெளிக்குத்துதான். ஆட்டோ அனுப்பறவங்க ஞாயித்துக்கிழமை அனுப்பவும், மத்த நாள் நான் வீட்டுல இருக்க மாட்டேன்.

டிஸ்கி 2: ஒரே கேட்டு வச்சிருக்கற கத்தோலிக்கப் பள்ளிகளும் நிச்சயம் இருக்கும். உங்க ஊர்ல இருந்தா பின்னூட்டத்துல பேரோட எழுதுங்க. பாராட்டறதுக்குப் பேர் சொல்லலாம், தப்பில்லை.